இரண்டு மணி நேரத்தில் எது கைவரும்? ஜப்பானிய மரபுக்கலைகளும் வளாகப் பயிலரங்குகளும்

ஜப்பானிய மொழித்துறை உள்ள பல்கலைக்கழகங்களில் அடிக்கடி பார்க்கக்கூடிய அறிவிப்பு ஒன்று உண்டு: தேநீர்க்கலை அறிமுகம், சனிக்கிழமை பிற்பகல், குறைந்த இடங்களே உள்ளன, முன்பதிவு அவசியம். தேநீர் இல்லையென்றால் தூரிகை எழுத்து, அதுவும் இல்லையென்றால் இக்கெபானா என்கிற பூ அமைப்பு. உடைந்த கிண்ணத்தைப் பொன்கோடு தெரியும்படி ஒட்டும் கின்சுகியும் அண்மைக் காலமாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஜப்பானுக்குள்ளும் ஒரு பருவம் மட்டும் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர்களுக்காகப் பல பல்கலைக்கழகங்கள் இவற்றைச் செய்முறை வகுப்புகளாக வைத்திருக்கின்றன.

இதைப் பற்றி எழும் சந்தேகம் நியாயமானதுதான். தேநீர்க்கலையை இருபது முப்பது ஆண்டுகளாகப் பயில்பவர்கள் இன்னும் தங்களை மாணவர்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். நோ என்கிற பழைய முகமூடி நாடகத்தைப் பரம்பரையாக நடிக்கும் குடும்பத்துப் பிள்ளை பள்ளியில் சேரும் முன்பே மேடையேறுகிறது. அப்படிப்பட்ட கலைகளிலிருந்து ஒரு பிற்பகலில் எதைக் கொடுக்க முடியும்? கொடுப்பது வெறும் வேடிக்கையாகத்தானே முடியும்?

முடிவது உண்டு. ஆனால் அதற்குக் காரணம் நேரக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. இந்தக் கலைகள் மிகச் சிறிய அசைவுகளை அடுக்கிக் கட்டப்பட்டவை. அந்த அசைவுகளில் ஒன்றை முழுசாகக் கையில் கொடுக்கும் பயிலரங்கு, இரண்டு மணி நேரமே நடந்தாலும் கலையைத்தான் கற்றுத்தருகிறது. கலையின் கடைசிப் பலனை மட்டும் சுருக்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது வேறு வேலை.

விருந்தினருக்கு முறைப்படி தேநீர் தயாரித்து வழங்கும் தேநீர்க்கலையையே எடுத்துக்கொள்ளலாம். சென் நோ ரிக்யூ (1522–1591) எளிமையை மையமாக வைத்து இதற்கு உருவம் கொடுத்தார். அன்றைய ஆட்சியாளர் தொயோதோமி ஹிதெயோஷியின் ஆணையால் அவர் தற்கொலை செய்துகொள்ள நேர்ந்தது. அவருடைய வழிவந்த சென் சோதானின் மூன்று மகன்களிடமிருந்து 17ஆம் நூற்றாண்டில் ஒமோதெசென்கே, உரசென்கே, முஷாகோஜிசென்கே என்று மூன்று இல்லங்கள் கிளைத்தன. மூன்றும் இன்றும் கியோத்தோவில் இயங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் பரம்பரையாக வரும் தலைவர் உண்டு. அவரை இயெமோதோ என்பார்கள். எந்தப் படியில் எதைக் கற்கலாம் என்பதற்கு அவர் பெயரில் அனுமதிப் பத்திரம் வழங்கப்படும். ஒவ்வொரு படிக்கும் கட்டணம். பூக்கலை, நடனம், இசை என்று பல துறைகளும் ஏறத்தாழ இதே அமைப்பில்தான் இயங்குகின்றன.

இந்த இல்லங்களில் சேரும் புதியவர் முதல் நாளே தேநீர் போட உட்காருவதில்லை. முழுச் சடங்கைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியே பழகுவார்கள். இதற்கு வாரிகெய்கோ என்று பெயர். நடப்பது, உட்காருவது, வணங்குவது, பட்டுத்துணி மடிப்பது, கிண்ணத்தைத் துடைப்பது, மூங்கில் கடைகோலைத் தண்ணீரில் நனைத்துச் சரிபார்ப்பது. நம்மூரில் சரளி வரிசையைக் கடக்காமல் யாரும் கீர்த்தனைக்குப் போவதில்லையே, அது மாதிரி.

அந்தப் பட்டுத்துணியைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். ஃபுகுசா என்று பெயர். கைக்குட்டையைவிடச் சற்றே கனமான சதுரத் துணி. உரசென்கே மரபில் ஆண்களுக்கு ஊதா, பெண்களுக்குச் செம்மஞ்சள் சாயல் கொண்ட சிவப்பு. இடுப்புக் கச்சையின் இடப்பக்கத்தில் மடித்துச் செருகியிருக்கும். அதை உருவி, முக்கோணமாகத் தொங்கவிட்டு, நீளவாக்கில் மூன்றாக மடித்து, பிறகு பாதியாக, மறுபடியும் பாதியாக மடிக்க வேண்டும். எந்த விரல் உள்ளே, எந்த விரல் வெளியே, முழங்கை எவ்வளவு விலகியிருக்க வேண்டும் என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டவை. இந்தத் துணியால்தான் தேயிலைத்தூள் செப்பையும் மூங்கில் கரண்டியையும் துடைக்கிறார்கள். இரண்டும் உள்ளறையில் ஏற்கெனவே சுத்தமாகத் துடைத்து வைக்கப்பட்டவைதான். விருந்தினர் பார்க்க மறுபடியும் துடைப்பது, அவருக்காக ஒருமுறை மனத்தோடு செய்வது.

முதல் பத்துத் தடவை மடிக்கும்போது துணி வழுக்கும். பட்டு ஓரம் சரிசமமாக வராது. இருபதாவது தடவையில் அது கொஞ்சம் அடங்கும். அப்போதுதான் தோள்கள் இறுகியிருந்ததும் மூச்சு நின்றிருந்ததும் தெரியவரும். இதை நடத்த அரை மணி நேரம் போதும். பயிலரங்கில் வந்த ஒருவர் இந்த ஒரு மடிப்பை மட்டும் உருப்படியாகக் கற்றுக்கொண்டு போனால், கியோத்தோவில் முறைப்படி சேர்ந்தவர் தொடக்க நாட்களில் கற்றதையே அவரும் கற்றிருக்கிறார். இரண்டுக்கும் தரத்தில் வேறுபாடு இல்லை.

பெரும்பாலான இடங்களில் நடப்பது வேறு. முக்கால் மணி நேரம் திரையில் படம் காட்டி, ஜென் தத்துவம், எளிமையின் அழகு, வாழ்வில் ஒரே ஒரு சந்திப்பு என்றெல்லாம் சொற்பொழிவு. பிறகு ஒருவர் செய்துகாட்ட மற்றவர்கள் பார்ப்பார்கள். கடைசியில் ஆளுக்கொரு கிண்ணம், ஆளுக்கொரு கடைகோல், மாட்சா என்கிற பச்சைத் தேயிலைத்தூளைப் போட்டு நுரை வரும்வரை கடைந்து குடித்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியது. யாரையும் குறை சொல்ல முடியாது. ஆசிரியர்கள் நல்லெண்ணத்தோடுதான் வருகிறார்கள். ஆனாலும் வருத்தமாக இருக்கிறது. கற்பவரின் கை அத்தனை நேரமும் சும்மா இருந்துவிடுகிறது. தத்துவத்தை வாசித்துத் தெரிந்துகொள்ளலாம். துணி மடிப்பதை வாசித்துத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

மரபைச் சுருக்கினால் மரபு கெட்டுவிடும் என்ற அச்சம் ஒருபக்கம் இருக்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1872இல் கியோத்தோவில் பொருட்காட்சி நடந்தபோது வெளிநாட்டினர் வருவார்கள் என்று எதிர்பார்த்து, உரசென்கே இல்லத்தின் 11ஆம் தலைவர் கெங்கென்சாய் மேசை நாற்காலியில் அமர்ந்து தேநீர் வழங்கும் ரியூரெய் என்ற புதிய முறையை வகுத்தார். மண்டியிட்டு உட்கார முடியாதவருக்கும் இடமளித்த ஏற்பாடு அது. அதே இல்லத்தின் 13ஆம் தலைவர் என்னோசாய், ஒரு தட்டு, ஒரு வெந்நீர்க் கெண்டி, ஒரு கிண்ணம் இருந்தாலே செய்யக்கூடிய பொன்ரியாகு முறையை உருவாக்கினார். தரையில் அடுப்பு பதித்த தனி அறை அதற்குத் தேவையில்லை. வளாகப் பயிலரங்குகளுக்கு மிகவும் வசதியானவை இவ்விரண்டு முறைகள்தான். இரண்டையும் உருவாக்கியவர்கள் மரபின் தலைமைப் பீடத்தில் இருந்தவர்கள்.

அவர்கள் இப்படி இறங்கிவந்ததற்குக் காரணம் உண்டு. 1868இல் ஷோகுன் என்கிற படைத்தலைவர்களின் ஆட்சி முடிந்தது. பிரபுக்களின் ஆதரவும் போயிற்று. தேநீர் ஆசான்களுக்கும் நோ கலைஞர்களுக்கும் வருமானம் நின்றுபோனது. பிறகு அவர்களைத் தாங்கியவர்கள் பெரும்பாலும் பொழுதுபோக்காகக் கற்க வந்த சாதாரண மக்கள். இன்றைக்கும் பல நோ கலைஞர்களுக்கு, மேடையில் கிடைப்பதோடு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதால் வரும் பணமும் சேர்ந்தால்தான் குடும்பம் ஓடும். தொழிலாகக் கொள்ளப்போகாத மாணவர்களை நம்பித்தான் இக்கலைகள் நூற்றைம்பது ஆண்டுகளாக நிலைத்திருக்கின்றன. அதனால் பயிலரங்குக்கு வரும் பொறியியல் மாணவியை வெளியாள் என்று நினைக்க வேண்டியதில்லை.

தேநீர்க்கலை பள்ளிக்கூடங்களுக்குள் நுழைந்த கதையும் இதோடு சேர்ந்தது. அதோமி ககேய் 1875இல் டோக்கியோவில் தொடங்கிய பெண்கள் பள்ளியின் பாடங்களில் தேநீர் இடம்பெற்றது. அதற்குப் பிறகு பெண்கள் பள்ளிகள் வழியாகப் பரவிய இக்கலை, அதுவரை பெரும்பாலும் ஆண்களின் கையில் இருந்த நிலை மாறி, நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு வேண்டிய தகுதிகளில் ஒன்றாக எண்ணப்பட்டது. அந்த எண்ணம் தந்த சுமையைத் தனியாகப் பேச வேண்டும். வகுப்பறையில் ஒரே நேரத்தில் பலருக்குக் கற்றுக்கொடுக்கும் முறை அங்கேதான் பழக்கமானது என்பது நமக்கு இங்கே முக்கியம்.

இசையின் கதை நேர்மாறானது. 1879இல் இசாவா ஷூஜியின் பொறுப்பில் இசை ஆய்வுக் குழுவை அரசு அமைத்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவிலிருந்து லூதர் வைட்டிங் மேசன் வந்தார். பள்ளி இசை என்றால் மேற்கத்திய இசை என்று ஆயிற்று. கோதோ, ஷாமிசென் என்கிற நரம்புக் கருவிகளும் ஷாகுஹாச்சி என்கிற மூங்கில் குழலும் பள்ளிக்கு வெளியே தங்கிவிட்டன. நடுநிலைப் பள்ளி மாணவர்கள் மூன்றாண்டுக்குள் ஏதாவதொரு ஜப்பானியக் கருவியைத் தொட்டுப் பழக வேண்டும் என்று விதி வந்தது 2002இல்தான். ஜூடோ, கெண்டோ போன்ற தற்காப்புக் கலைகள் நடுநிலைப் பள்ளியில் கட்டாயமானது 2012 ஏப்ரலில். அதனால் இன்று ஜப்பானியப் பல்கலைக்கழகத்துக்கு வரும் உள்ளூர் மாணவரில் பலர் ஷாமிசெனைச் சில மணி நேரத்துக்குமேல் கையில் எடுத்திருக்க மாட்டார்கள். வெளிநாட்டு மாணவருக்கென்று நடத்தும் வகுப்பில் அவர்களும் வந்து பின்வரிசையில் உட்காருவதற்கு இதுவே காரணம்.

இக்கலைகளை வளாகத்தில் செய்முறையாகக் கற்பிக்கும் யோசனை கடலுக்கு அப்பால் வேரூன்றியதற்கு இசைத்துறையின் பங்கு பெரிது. டோக்கியோ அரண்மனையின் ககாகு இசைக் கலைஞர்கள் தங்கள் அரசவை இசையோடு மேற்கத்திய இசையையும் சரளமாக வாசிப்பார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் இருந்த மேண்டில் ஹூட் அதை எடுத்துக்காட்டி 1960இல் ஒரு வாதத்தை வைத்தார். இன்னொரு பண்பாட்டின் இசையை ஆராய்பவர் அதைத் தாமே வாசிக்கக் கற்க வேண்டும் என்பது அந்த வாதம். அங்கே இந்தோனேசியாவின் கமலான் இசையும் ககாகுவும் மாணவர்கள் கையில் ஒலித்தன. அந்தக் காலகட்டத்தில்தான் 1963இல் கனெக்டிகட்டிலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகம் மிருதங்க வித்வான் டி. ரங்கநாதனை அங்கேயே தங்கிக் கற்பிக்கும் கலைஞராக வரவழைத்தது. சென்னையிலிருந்து போன கலைஞரும் ஜப்பானிலிருந்து போன கலைஞரும் அமெரிக்க வளாகங்களில் ஒரே கேள்வியைச் சந்தித்தார்கள்: ஒரு பருவம் மட்டுமே இருக்கப்போகும் மாணவருக்கு எங்கிருந்து தொடங்குவது?

இல்லினாய் பல்கலைக்கழகம் இதற்குக் கண்டுபிடித்த விடை எனக்கு மிகவும் பிடித்தது. 1964இல் அங்கே வந்து சேர்ந்த ஷோஸோ சாதோ, தேநீர், பூக்கலை, மைத்தூரிகை ஓவியம், கபூகி நாடகம் எல்லாவற்றையும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய மாணவர்கள் மேற்கத்திய நாடகங்களைக் கபூகி பாணியில் மேடையேற்றினார்கள். 1976இல் ஒரு பழைய வீட்டில் ஜப்பான் இல்லம் தொடங்கியது. 1998இல் வளாகத்தின் தாவரத் தோட்டத்தில் அதற்குத் தனிக் கட்டடமே எழுந்தது; உள்ளே தத்தாமி பாய் விரித்த தேநீர் அறைகள். அதை முன்னெடுத்தவர் கிமிகோ குஞ்சி. அங்கே தேநீர்க்கலை மதிப்பெண் கிடைக்கும் பாடமாக இருக்கிறது. ஊர்மக்களுக்கான அறிமுக நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. ஒரு நாள் வந்து கிண்ணத்தைப் பிடித்தவருக்கு அடுத்த வாரமும் போக ஓர் இடம் இருக்கிறது. குறுகிய பயிலரங்கின் பயன் பாதி இதில்தான் இருக்கிறது என்பேன். ஹவாய் பல்கலைக்கழக மனோவா வளாகத்தில் உரசென்கே அன்பளிப்பாகத் தந்த தேநீர்க் குடிலும் இதே வேலையைச் செய்கிறது.

ஜப்பானுக்குள் குறுகிய காலப் பயிற்சிக்கு முன்னோடி என்று ஓமோதோவைச் சொல்லலாம். கியோத்தோவுக்குப் பக்கத்து ஊரான கமேயோகாவில் உள்ள இந்தச் சமய அமைப்பு, 1976இல் வெளிநாட்டினருக்கு ஒரு மாதப் பயிற்சியைத் தொடங்கியது. தேநீர், நோ நடனம், தூரிகை எழுத்து, தற்காப்புக் கலை நான்கையும் ஒரே மாதத்தில் சேர்த்தே படிக்க வேண்டியிருந்தது. கேட்டால் அவசரக்கோலம் போலத் தோன்றும். உண்மையில் அதுதான் அந்தத் திட்டத்தின் பலம். வாள் பிடிப்பவரும் தேநீர்க் கிண்ணத்தோடு நடப்பவரும் இடுப்பை ஒரே மாதிரி இருத்துகிறார்கள் என்பது நான்கையும் சேர்த்துச் செய்யும்போது உடம்புக்குத் தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் படிப்பவருக்கு அது தெரிய ஆண்டுக்கணக்கில் ஆகும்.

கியோத்தோவில் 1984இல் தொடங்கிய டி.டி.டி. (டிரெடிஷனல் தியேட்டர் டிரெய்னிங்) என்ற கோடைக்காலப் பயிற்சி, நாடகக்கலைக்கு இதையே செய்கிறது. நோ, கியோகென் என்கிற நகைச்சுவை நாடகம், நிஹோன்புயோ நடனம் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஆசிரியர்கள் மேடைத் தொழிலில் உள்ள கலைஞர்கள். சில வாரங்களின் முடிவில் மாணவர்கள் மேடையேறி ஒரு சிறு பகுதியை நிகழ்த்துகிறார்கள்.

நோ வகுப்பின் முதல் பாடம் நடை. வெள்ளைத் தாபி காலுறை போட்டு, முழங்காலை லேசாக மடித்து, இடுப்பை இருத்தி, குதிகால் தரையை விட்டு எழாமல் பாதத்தைத் தேய்த்து நகர்த்த வேண்டும். அடியின் முடிவில் விரல்கள் மட்டும் சற்றே உயர்ந்து இறங்கும். தலை மேலும் கீழும் ஆடக்கூடாது. பத்தடி தூரம் இப்படிப் போவதற்குள் தொடை நடுங்கும். பாட்டும் அப்படித்தான். ஆசிரியர் ஒரு வரி பாடுவார், மாணவர் அதைக் கிளிப்பிள்ளை போல அப்படியே திருப்பிச் சொல்வார். பொருள் என்ன, இலக்கணம் என்ன என்று முதலில் கேட்க முடியாது. கேள்வி கேட்டே பழகிய பல்கலைக்கழக மாணவருக்கு இது எரிச்சலூட்டும். அந்த எரிச்சலைப் போக்க விளக்கவுரை கொடுத்துவிடாமல், இன்னும் நான்கு தடவை பாடவைப்பவரே நல்ல ஆசிரியர்.

தூரிகை எழுத்தில் நேரம் வீணாகும் இடம் ஒன்று உண்டு: "உங்கள் பெயரை ஜப்பானிய எழுத்தில் எழுதிப் பாருங்கள்." எல்லோருக்கும் பிடிக்கும், சட்டம் போட்டு மாட்டலாம், சரி. ஆனால் வெளிநாட்டுப் பெயரை எழுதப் பயன்படும் கதகானா எழுத்துகளில் தூரிகையின் எல்லா அசைவுகளும் வராது. அதற்கு மாறாக 永 என்ற ஒரே எழுத்தைப் பயிற்றுவிப்பது பழைய வழக்கம். 'என்றென்றும்' என்ற பொருளுள்ள இந்த எழுத்துக்குள் புள்ளி, கிடைக்கோடு, நெடுங்கோடு, கொக்கி, வீச்சு என எட்டு அடிப்படை அசைவுகளும் அடங்கிவிடுகின்றன. ஒருமுறை போட்ட கோட்டின்மேல் மறுபடி தூரிகை வைத்துத் திருத்தக் கூடாது. கோணலாகப் போனால் போனதுதான், அடுத்த தாளை எடுக்க வேண்டும். ஆசிரியர் சிவப்பு மையால் அதன்மேல் திருத்திக் காட்டுவார், சில சமயம் பின்னால் நின்று மாணவரின் கையைப் பிடித்தே எழுதவைப்பார். தூரிகை எவ்வளவு அழுந்த வேண்டும் என்பது அப்போது ஒரே நொடியில் கைக்குப் போய்விடும். மைக்கட்டியைக் கல்லில் உரைப்பதற்குப் பதிலாகப் புட்டி மை ஊற்றுவதைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. ஜப்பானியப் பள்ளிகளிலேயே அதுதான் நடக்கிறது.

பூக்கலையில் குறுகிய வகுப்பு எளிதாகப் பொருந்துவதற்கு அதன் நவீன வரலாறே காரணம். கியோத்தோவின் ரொக்ககுதோ கோயிலை மையமாகக் கொண்ட இகெனோபோ மரபின் பூ அமைப்பைப் பற்றி 1462ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று இருக்கிறது. ஒஹாரா உன்ஷின் (1861–1916) தட்டையான அகன்ற பாத்திரத்தில் முள்பலகை வைத்துப் பூவை நிறுத்தும் மோரிபானா முறையைக் கொண்டுவந்தார். 1927இல் தெஷிகஹாரா சோஃபு தொடங்கிய சோகெட்சு பள்ளியில் தொடக்கப் பாடமே கணக்காக இருக்கும். முதல் கிளையின் நீளம், பாத்திரத்தின் அகலமும் உயரமும் சேர்ந்த அளவைப்போல் ஒன்றரை மடங்கு. இரண்டாவது அதில் முக்கால். முதலாவதைச் செங்குத்துக் கோட்டிலிருந்து 10–15 பாகையும் இரண்டாவதை 45 பாகையும் மூன்றாவதை 75 பாகையும் சாய்க்க வேண்டும். இதை ஒரு மணி நேரத்தில் செய்துவிடலாம், தவறு எங்கே என்று உடனே பார்க்கவும் முடியும்.

கின்சுகி மட்டும் என்னைத் தயங்கவைக்கிறது. அந்தக் கலையின் ஆதாரம் உருஷி மரத்தின் பால். நம்மூர் சேங்கொட்டையும் மாமரமும் அடங்கிய அதே தாவரக் குடும்பம். சேங்கொட்டைப் பால் பட்டால் புண்ணாவதைப் போலவே உருஷிப் பாலும் தோலைத் தடிக்கவைக்கும். ஈரப்பதமான காற்றில்தான் அது இறுகும்; அதற்கென்று ஈரப்பெட்டியில் வைப்பார்கள். மாவு கலந்த உருஷியால் உடைசலை ஒட்டிக் காயவைத்து, மண்தூள் கலந்த உருஷியால் இடைவெளியை நிரப்பிக் காயவைத்து, மேலே பூசி, அதன்மேல் பொன்தூள் தூவி மெருகேற்ற வேண்டும். ஒரு கிண்ணத்துக்கு ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். இரண்டு மணி நேரப் பயிலரங்கில் கொடுப்பதோ பெரும்பாலும் எபாக்சி பசையும் பித்தளைத்தூளும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். உணவுக்கு அந்தக் கிண்ணத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று எச்சரித்துத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

இங்கே காத்திருப்புதான் கலை. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கைவேலை. இதற்கும் வழி இல்லாமல் இல்லை. எந்தக் கிண்ணத்தையும் முடிக்காமல், உருஷியை மாவோடு குழைத்து ஒரே ஓர் உடைசலை ஒட்டி ஈரப்பெட்டியில் வைப்பதோடு முதல் நாளை முடிக்கலாம். கையுறை அவசியம். அடுத்த கட்டத்துக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து வரச் சொல்லலாம். வீட்டுக்குக் கொண்டுபோக அன்று ஒன்றும் இருக்காது. அப்படி நடத்தினால் கூட்டம் குறையும் என்று ஏற்பாட்டாளர்கள் சொல்வார்கள்; குறையும்தான். வருகிறவர்கள் கின்சுகி என்றால் என்ன என்று உண்மையாகத் தெரிந்துகொள்வார்கள்.

பெயர் கொடுக்கப்போகும் மாணவர் ஏற்பாட்டாளரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுவது நல்லது. என் கையால் செய்வதற்கு எவ்வளவு நேரம்? ஒரே செயலை எத்தனை தடவை செய்யவிடுவார்கள்? அடுத்த வாரமும் வர விரும்பினால் இந்த ஊரில் யாரிடம் போகலாம்? மூன்றாவது கேள்விக்குப் பல ஊர்களில் இன்று பதில் கிடையாது. ஜப்பானிலேயே தேநீர் கற்பவர்களின் எண்ணிக்கை குறைந்துவருகிறது, ஆசிரியர்களுக்கும் வயதாகிறது. பதில் இருக்கும் இடங்களில் குறுகிய பயிற்சி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் ப்ளூம்ஸ்பர்க்கைப் பார்க்கலாம். பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள அந்தச் சிறிய ஊரில், டோக்கியோவில் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ரிச்சர்ட் எமர்ட் 1990களின் நடுவில் மூன்று வார நோ பயிற்சியைக் கோடைதோறும் நடத்தத் தொடங்கினார். அங்கே நடக்கப் பழகியவர்கள் சிலர் மறுபடி மறுபடி வந்தார்கள், ஜப்பானுக்கும் போய்க் கற்றார்கள். 2000இல் அவரோடு சேர்ந்து தியேட்டர் நோகாகு என்ற குழுவை அமைத்து, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட புதிய நோ நாடகங்களை மேடையேற்றி வருகிறார்கள்.